சொல்லாமலும் ஆறும்

கண் அசைவுச் சிகிச்சை பற்றி மேலநீலிதநல்லூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பழைய அதிர்ச்சி ஒன்று மனசை விட்டுப் போகாமல் இருந்தால், கண்ணை இடமும் வலமும் அசைக்க வைத்து அதன் பிடியைத் தளர்த்தும் ஒரு சிகிச்சை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்ததில் தப்பில்லை. இந்தச் சிகிச்சை முதன்முதலில் வெளியே வந்தபோது அமெரிக்காவில் பெரிய பெரிய உளவியல் பேராசிரியர்களே சிரித்தார்கள். சிரித்தவர்கள் எழுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இன்றும் முழுப் பதில் இல்லை. ஆனாலும் உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் இதைத் தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் எப்படி ஒன்றாக நடந்தன என்று இன்று பார்க்கலாம்.

சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கும் சக்கரத்தை அறியாதவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார்கள். மனம் கலங்கியவர்களைக் கூட்டிவந்து அதில் உட்கார வைப்பது வழிவழியாக வரும் வழக்கம். அதை இழித்துப் பேச நான் வரவில்லை. உடம்பைப் போலவே மனசும் அடிபடும், அதைத் தேற்ற ஓர் இடமும் துணைக்கு நாலு பேரும் வேண்டும் என்பதை இந்த ஊர்க்காரர்கள் எந்த டாக்டரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவத்தைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கூட்டிப்போகும் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகிப் போனார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும். போகிற வழியில் ஆஸ்பத்திரிக்கும் ஓர் எட்டு போய்விட்டு வரட்டும் என்பதுதான் என் கட்சி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டாசு ஆலையில் இறக்கிவிடுகிறது. ஒரு நாள் பக்கத்து அறையில் மருந்து வெடித்துவிடுகிறது. இவள் தப்பிவிட்டாள். கூட வேலை பார்த்த சிநேகிதி தப்பவில்லை. இவள் கையில் பட்ட தீக்காயம் சில மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் ஒரு வருஷம் கழிந்தும் குக்கர் விசில் அடித்தால் வாசலுக்கு ஓடுகிறாள். தீக்குச்சி உரசினால் அந்த மருந்து வாடை மூக்கில் ஏறுகிறது. வேன் வரும் தெருவில் நடப்பதில்லை. தீபாவளி வந்தால் கதவை அடைத்துக்கொள்கிறாள். ராத்திரி திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறாள். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறாள். “அன்னைக்கு நான் அவளையும் கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பாளே” என்று ஒரே வரி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியார் கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார். புருஷன், “நடந்தது நடந்துபோச்சு, மறந்துட்டு வேலையைப் பாரு” என்கிறான். மறக்க முடிந்தால் மறந்திருக்க மாட்டாளா?

மருத்துவம் இதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்கிறது. பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இதற்குத் தனி இடம் கிடைத்தது 1980-இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நான்கு அடையாளங்கள் உண்டு. நடந்தது இப்போதே மறுபடி நடப்பதுபோல் வந்து மோதுவது. அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது. தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் கறுத்துப் போவது. உடம்பு எந்நேரமும் விழிப்புக் காவலில் நிற்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் முடக்கினால்தான் நோய். அதற்கு முன்னால் வரும் அழுகையும் பயமும் தூக்கமின்மையும் மனுஷ சுபாவம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிர்ச்சியைச் சந்தித்த எல்லோரும் நோயாளி ஆவதில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒரு கடலோர மீனவக் கிராமத்தில் ஆய்வு செய்தார்கள். அங்கே இந்த நோயின் அளவு 12.7 விழுக்காடு என்று 2007-இல் வெளியிட்டார்கள். கடல் வீடு புகுந்து அடித்துப்போன ஊரிலேயே பெரும்பாலானவர்கள் தம் பலத்திலும் உறவின் பலத்திலும் நிமிர்ந்துவிட்டார்கள். நிமிர முடியாமல் போனவர்களில் பெண்களும் காயம்பட்டவர்களும் வருமானம் இழந்த வீட்டுக்காரர்களும் அதிகம். யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்பதை இந்தக் கணக்கு நமக்குச் சொல்லிவிடுகிறது.

இனி அந்தச் சிகிச்சையின் கதைக்கு வருவோம். ஃபிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி முதலில் ஆங்கில இலக்கிய மாணவி. 1979-இல் புற்றுநோய் வந்து மீண்டபின், மனசுக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பைத் தேடி உளவியல் படிக்கப் போனார். 1987-இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னை வாட்டிக்கொண்டிருந்த சில நினைவுகளின் சூடு தானாகக் குறைவதை உணர்ந்தார். அந்த நேரத்தில் தன் கண்கள் வேகமாக இங்கும் அங்கும் அசைந்ததைக் கவனித்தார். வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். அவர் தெரிந்தவர்களிடம் சோதித்துப் பார்த்தார். பிறகு வியட்நாம் போர் வீரர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் அடங்கிய 22 பேரிடம் ஆய்வு நடத்தி 1989-இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் முறை விரிந்து ஈ.எம்.டி.ஆர். என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயர் நிலைத்தது. அவர் 2019-இல் காலமாகும்போது இந்த முறை உலகம் முழுக்கப் பரவியிருந்தது. இங்கிலாந்து இளவரசர் ஹாரி, 2021-இல் வந்த ஓர் ஆவணத் தொடரில், தன் தாயை இழந்த துயரம் தொடர்பாக இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொள்வதைக் கேமரா முன்னாலேயே காட்டினார்.

சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கிறது? நம் உதாரணப் பெண்ணையே அழைத்துப்போவோம். மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதல் கட்டத்தில் மருத்துவர் அவள் வாழ்க்கைக் கதையைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். எந்த நினைவிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்கிறார். இரண்டாவது, தயாரிப்பு. பதற்றம் ஏறினால் தணித்துக்கொள்ளப் பழக்குகிறார். அவளுக்கு நிம்மதி தரும் ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். அம்மா வீட்டுத் திண்ணையாக இருக்கலாம், குளத்தங்கரையாக இருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் கையைத் தூக்கிக் காட்டவும் சொல்லிக் கொடுக்கிறார். கட்டுப்பாடு அவள் கையில் இருக்க வேண்டும் என்பது இங்கே முக்கியம். வெடி விபத்தில் அவள் இழந்தது அதைத்தான்.

மூன்றாவது, அளந்து பார்ப்பது. “நடந்ததுல உங்களுக்கு ரொம்பக் கொடுமையான காட்சி எது? அதை மட்டும் மனசுல வைங்கம்மா.” அந்தக் காட்சியோடு ஒட்டிக்கொண்டு வரும் எண்ணம் எது என்று கேட்கிறார். “தப்பு என் மேலதான் டாக்டரம்மா.” அதற்குப் பதிலாக எதை நம்ப ஆசைப்படுகிறாள்? “என்னால அப்ப என்ன முடியுமோ அதைச் செஞ்சேன்.” அதை இப்போது எவ்வளவு நம்ப முடிகிறது என்று 1 முதல் 7 வரை ஓர் எண் சொல்லச் சொல்கிறார். வேதனை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை இன்னோர் எண். உடம்பில் எங்கே அடைக்கிறது? தொண்டையிலா, நெஞ்சிலா, அடிவயிற்றிலா?

நான்காவது கட்டத்தில்தான் கண் வருகிறது. அந்தக் காட்சியையும் எண்ணத்தையும் உடம்பின் அடைப்பையும் ஒருசேர மனசில் வைத்துக்கொண்டு, மருத்துவரின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். தலை அசையக் கூடாது. விரல் இடமும் வலமுமாக ஏறக்குறைய 24 தடவை போய்வரும். அரை நிமிஷம் பிடிக்கும். பிறகு ஒரு பெருமூச்சு. “இப்ப என்ன வருது?” அவள் ஒரு வார்த்தையில் சொன்னால் போதும். மருத்துவர் விளக்கம் சொல்வதில்லை, புத்தி சொல்வதில்லை. “அதோடயே போங்க” என்று மறுபடி விரலை அசைக்கிறார். இப்படிச் சுற்றுச் சுற்றாகப் போகும்போது காட்சி மங்கலாம், தூரம் போகலாம், இன்னொரு நினைவு கிளம்பலாம், அழுகை வந்து ஓயலாம். வேதனையின் எண் படிப்படியாகக் குறைய வேண்டும்.

அது அடங்கியபின் ஐந்தாவது கட்டத்தில் அவள் விரும்பிய எண்ணத்தை அந்தக் காட்சியோடு சேர்த்து உறுதிப்படுத்துகிறார்கள். ஆறாவதில் உச்சந்தலை முதல் பாதம் வரை எங்காவது இறுக்கம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏழாவது, அன்றைய வேலையை முடித்து அவளை அமைதியாக வீட்டுக்கு அனுப்புவது. நினைவு முழுதும் அடங்காத நாளிலும் கலங்கிய நிலையில் அனுப்பக் கூடாது. எட்டாவது, அடுத்த முறை வந்ததும் எவ்வளவு நிலைத்திருக்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு சந்திப்பும் 60 முதல் 90 நிமிஷம். வாரத்துக்கு ஒன்றிரண்டு வீதம் மொத்தம் 6 முதல் 12 சந்திப்பு என்பது வழக்கமான கணக்கு. சிறு வயதிலிருந்தே அடிமேல் அடி வாங்கியவர்களுக்கு இது போதாது, நாள் பிடிக்கும்.

நினைவு அழிந்துபோகாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிநேகிதியின் முகம் அவளுக்கு மறக்காது, மறக்கவும் வேண்டாம். நினைத்தால் கண்ணீர் வரும். ஆனால் குக்கர் விசிலுக்கு வாசலுக்கு ஓட மாட்டாள். அது முடிந்துபோன விஷயம் என்று உடம்பும் ஒப்புக்கொண்டிருக்கும்.

இனி சிரித்தவர்களின் கட்சி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மக்நாலி 1999-இல் இந்த முறையை மெஸ்மரோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் மெஸ்மர், கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொல்லிப் பாரிஸ் நகரத்தைக் கிறங்கடித்தவர். 1784-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உள்ளிட்டோர் அடங்கிய அரசுக் குழு சோதித்துப் பார்த்து, அப்படி ஒரு சக்தி இல்லை என்று சொன்னது. ஈ.எம்.டி.ஆர். முறையில் பலன் தரும் பகுதி பழையது, புதிய பகுதியால் பலன் இல்லை என்பது மக்நாலியின் வாதத்தின் சாரம். பழைய பகுதி எது? பயந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் எதிர்கொள்வது. அது முன்பே இருந்த முறை. 2001-இல் டேவிட்சன், பார்க்கர் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கண் அசைவு தனியாக எதையும் கூட்டவில்லை என்றார்கள். பயிற்சியையும் சான்றிதழையும் ஷாபிரோவின் நிறுவனம் தன் கைக்குள் வைத்திருந்ததும் அப்போது கண்டனத்துக்கு ஆளானது.

அதற்கு எதிர்த்தரப்பும் வந்தது. 2013-இல் லீ, கைப்பர்ஸ் இருவரும் புதிய ஆய்வுகளையும் சேர்த்துத் தொகுத்து, கண் அசைவுக்குத் தனிப் பலன் உண்டு என்றார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மார்செல் வான் டென் ஹவுட்டின் குழு ஒரு விளக்கம் தந்தது. நம் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்கும் விசைத்தறிக் கூடத்தில், இன்னொரு தறிக்குக் கண் போகும்போது முதல் தறியின் மேல் இருந்த கவனம் குறையத்தான் செய்யும்; மனசும் அப்படித்தான். கொடிய காட்சியை நினைவில் பிடித்துக்கொண்டே விரலையும் தொடரச் சொன்னால், காட்சிக்குக் கிடைக்கும் இடம் சுருங்குகிறது. அது மங்கலாகிறது. மங்கலான அந்த வடிவத்திலேயே மனம் அதை மறுபடி அடுக்கி வைக்கிறது. இது சரியானால், கண்ணுக்கு மட்டும் ஏதோ தனி மகிமை இருக்கக் காரணமில்லை. தலைகீழாக எண்ணச் சொன்னாலும் பலன் வர வேண்டும். சோதனையில் வந்தது. கவனத்தை அதிகம் கேட்காத வேலை பலன் குறைவாகத் தர வேண்டும். காதில் இடம் வலமாக ஒலி கேட்க வைக்கும் முறை, கண் அசைவைவிடப் பின்தங்கியது. 2019-இல் தென்கொரிய விஞ்ஞானிகள் எலிகளிடம் இன்னொரு பாதையைக் காட்டினார்கள்: இடமும் வலமும் மாறி மாறி நகரும் வெளிச்சம், பார்வை சார்ந்த ஒரு மூளைப் பகுதியிலிருந்து தாலமஸ் வழியாக, பயத்தை ஆளும் அமிக்டலாவை அடக்கியது. எலியில் கண்டது மனுஷனுக்கும் அப்படியே பொருந்தும் என்று அவசரப்பட வேண்டாம். ஆனால் மந்திரம், தந்திரம் என்று ஒதுக்க இனி முடியாது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பு, 4,761 பேர் பங்கேற்ற 70 ஆய்வுகளைப் பார்த்தது. அதிர்ச்சியை மையமாக வைத்த சிந்தனை–நடத்தைச் சிகிச்சையும் ஈ.எம்.டி.ஆர். முறையும் சும்மா காத்திருப்பதைவிடத் தெளிவாக மேலானவை என்றது. அதே மூச்சில், ஆய்வுகளின் தரம் குறைவு என்றும் சொன்னது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது. என் தீர்ப்பு இதுதான்: கதாநாயகன் கண் அல்ல. பயந்த நினைவை, தாங்கும் அளவுக்கு, பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு திரும்பிப் பார்ப்பதே மருந்து. கண் அசைவு அதைத் தாங்கவைக்கும் ஒரு கைப்பிடி.

அப்படியானால் இந்த முறையை ஏன் இங்கே வந்து பேசுகிறேன்? வேறு முறைகள் பலவும் நோயாளியை வாய் திறந்து சொல்லச் சொல்கின்றன. நடந்ததை நடந்தபடி, ஒன்றுவிடாமல், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பயிற்சியும் செய்ய வேண்டும். ஈ.எம்.டி.ஆர். முறையில் நடந்ததை விவரித்துச் சொல்லும் கட்டாயமில்லை, வீட்டுப்பாடமும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனமே இந்த வேறுபாட்டைத் தனியாகக் குறித்திருக்கிறது. நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். தெருவுக்குத் தெரு சொந்தபந்தம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பையன்கூட ஒருவகையில் மைத்துனன். சின்ன வயதில் உறவுக்காரன் ஒருவன் செய்த கொடுமையை முப்பது வயதுப் பெண் எப்படிச் சொல்வாள்? எல்லையில் கண் முன்னால் தோழன் சிதறியதைப் பார்த்து ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரர், ஆம்பிளை அழக்கூடாது என்று வளர்ந்தவர், யாரிடம் சொல்வார்? இவர்கள் உள்ளே பார்த்துக்கொண்டால் போதும், வெளியே கொட்ட வேண்டாம் என்று ஒரு வழி இருப்பது நம் சமூகத்துக்குப் பெரிய கொடை. துருக்கியின் கிலிஸ் முகாமில் இருந்த 70 சிரிய அகதிகளிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வந்தது. முகாம் வாழ்க்கைக்கு நடுவிலும் இந்த முறை பலன் தந்தது.

ஆனால் இங்கே ஒரு கோடு போட வேண்டும். சிகிச்சை அறையில் நோயாளி பேசாமல் இருக்கலாம். அதைச் சாக்காக வைத்து ஊர் பேசாமல் இருக்கக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். உதவ ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அந்த மாதிரி விபத்தில் தப்பியவரைக் கண் அசைத்துத் தேற்றி, அடுத்த வாரம் அதே ஆபத்தான அறைக்கு வேலைக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் வைத்தியமா? நஷ்ட ஈடு, ஆலையின் பாதுகாப்பு, குற்றவாளிக்குத் தண்டனை இவையெல்லாம் சத்தமாகப் பேச வேண்டியவை. வாய் திறக்காத உரிமை காயம்பட்டவருக்கு மட்டும்தான்.

இதை ஈழத்துத் தமிழரிடமிருந்து நாம் நன்றாகக் கற்கலாம். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் மனக்காயங்களை 1998-இல் ‘ஸ்கார்டு மைண்ட்ஸ்’, 2014-இல் ‘ஸ்கார்டு கம்யூனிட்டீஸ்’ என்று இரு நூல்களில் எழுதினார். தனி மனங்களோடு குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பது அவர் வாதம். காணாமல் போனவர்களின் வீடுகளில் உடல் கிடைக்காததால் எட்டுச் செலவு என்ற ஈமச் சடங்கைச் செய்ய முடியாது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்ய முடியாது. துக்கம் முடிவுக்கு வராமல் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒப்பாரியும் கருமாதியும் வெறும் சடங்கு என்று நாம் நினைக்கிறோம். ஊரே கூடி அழுது, நாள் குறித்து முடித்து, அடுத்த நாள் வயலுக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாடு அது. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரையில், உடல் கிடைக்காத வீடுகளிலும் இதே நிலைதான்.

அந்தச் சுனாமியையொட்டி இலங்கைக்கு வெளிநாட்டு உளவியலாளர்கள் கூட்டமாகப் போனார்கள். ஈ.எம்.டி.ஆர். பயிற்சியும் அங்கே நடந்தது. இலங்கை மருத்துவர் ருவன் ஜயதுங்க தான் இந்த முறையில் சிகிச்சை அளித்த சுனாமி நோயாளிகளைப் பற்றி 2008-இல் எழுதினார். ஆனால் போனவர்கள் எல்லோரும் அப்படிப் பொறுப்பாக நடக்கவில்லை என்று ஈதன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2010-இல் விரிவாக எழுதினார். மக்கள் மொழி தெரியாமல், மரபு தெரியாமல், வந்து சில நாளில் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வையும் அவர் எடுத்துக்காட்டினார்: இலங்கை மக்கள் தங்கள் பாதிப்பைத் தூக்கமின்மை, பதற்றம் என்பதைவிட, குடும்பத்திலும் ஊரிலும் தங்கள் இடம் போய்விட்டது என்றே அதிகம் சொன்னார்கள்.

வடகிழக்கு இலங்கையில் போரும் சுனாமியும் கண்ட 31 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அது ஈ.எம்.டி.ஆர். அல்ல. ஒரு குழுவுக்குத் தங்கள் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை, இன்னொரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டும் ஆறே அமர்வு. நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 விழுக்காட்டினர், இரண்டாவதில் 71 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். வழி ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்பது இதில் ஒரு பாடம். குழந்தையின் மொழி தெரிந்த, அதே மண்ணில் இருக்கிற, முறையாகப் பயின்ற ஆள் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பாடம்.

இனிச் சில எச்சரிக்கைகள். யூடியூபில் ஒரு பந்து இடமும் வலமும் ஓடும் வீடியோக்கள் கிடைக்கின்றன. அதைப் பார்த்து வீட்டிலேயே செய்து பார்க்காதீர்கள். நினைவைக் கிளறுவது சுலபம், கிளறியதை அடக்கி அனுப்பத்தான் பயிற்சி வேண்டும். தன்னை மறந்து போகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கண்ணில் கோளாறு உள்ளவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குக் கையில் மாறி மாறித் தட்டும் முறை போன்ற மாற்று உண்டு. 1997-இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் தாக்கியபின் அங்கே குழந்தைகளுக்கு ஒரு முறை உருவாக்கினார்கள்: கைகளை மார்பின் குறுக்கே வைத்து, வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பதுபோலத் தோள்களை மாறி மாறித் தட்டிக்கொள்வது. மனசைச் சற்று அமைதிப்படுத்த அதைச் செய்யலாம். அதுவே சிகிச்சை ஆகிவிடாது.

இன்னும் இரண்டு. துயரம் நடந்த மறுநாளே பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, “என்ன நடந்தது, எப்படி நடந்தது” என்று தோண்டித் தோண்டிக் கேட்பது உதவாது என்பது இப்போது தெளிவான முடிவு. டி.வி. மைக்கோடு போகிறவர்களுக்கும் விசாரிக்கப் போகும் உறவினர்களுக்கும் இதைச் சொல்கிறேன். சாப்பாடு கொண்டு போங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள். அடுத்தது, தூக்க மாத்திரை. முதல் மாதத்தில் அதிர்ச்சியின் அறிகுறிகளுக்குப் பென்சோடயசிபின் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் சொல்லியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கத்தை விடுங்கள்.

எங்கே போவது என்று தாய்மார்கள் கேட்பீர்கள். 14416 என்ற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனதும் தயங்காமல் கேளுங்கள்: அதிர்ச்சிக்கான பேச்சுச் சிகிச்சையோ கண் அசைவுச் சிகிச்சையோ தெரிந்தவர் யார், எங்கே பயின்றார், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு உண்டா? 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையை ஒவ்வொருவருக்கும் உரிமை ஆக்கியிருக்கிறது. கேட்பது பிச்சை அல்ல. 2015–16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்கு நோய் மாறுபட்டாலும், சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 முதல் 92 விழுக்காடு. இந்த இடைவெளி சட்டப் புத்தகத்தால் மட்டும் மூடாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். அரசுக்கு: 2019-இல் பிறந்த தென்காசி மாவட்டத்தில், அதிர்ச்சிச் சிகிச்சையில் முறையாகப் பயின்ற உளவியலாளர்களை நியமியுங்கள், பட்டாசு விபத்துக்கும் சாலை விபத்துக்கும் ஆம்புலன்ஸ் போகும் மாவட்டத்தில் அவர்களுக்கு வேலை குறையாது. இங்கே இருக்கும் மாணவர்களுக்கு: டாக்டர், இன்ஜினீயர் என்பதோடு நிறுத்தாதீர்கள், மருத்துவ உளவியலும் ஒரு படிப்பு, அதைப் படித்துவிட்டு இந்தப் பக்கமே திரும்பி வாருங்கள். ஊருக்கு: யாராவது, “தூங்க முடியல, பயமா இருக்கு” என்று சொன்னால், “மறந்துடு” என்று சொல்லாதீர்கள், பேய் பிடித்திருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். “வா, நானும் கூட வாறேன்” என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போங்கள். என்ன நடந்தது என்று அவர் உங்களிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கூடப் போங்கள்.